நான்காவது மாடியின் பரப்பளவு

ஆள் இல்லாமல் எழுபத்திரண்டு மணி நேரம் கிடந்தால் அலுவலக மாடி வளரத் தொடங்கும் என்பது ஹைதராபாத்தில் முதலில் தெரியவந்தது நானக்ராம்குடாவில், கொண்டராயி டவர்ஸின் ஒன்பதாவது மாடியில். ஒரு மென்பொருள் நிறுவனம் வியாழக்கிழமை சாயங்காலம் காலி செய்துவிட்டுப் போனது. திங்கட்கிழமை காலை கம்பளம் விரிக்க வந்தவர்களுக்கு நாலடி போதவில்லை. கம்பளக் கடைக்காரர் தன் டேப்பைச் சந்தேகப்பட்டு வேறு டேப் வாங்கி வந்தார். அதற்குள் ஆறடி போதவில்லை. வெளியே இருந்து பார்த்தால் கட்டடம் இருந்தபடியே இருந்தது. உள்ளே மட்டும் கிழக்குச் சுவர் தள்ளிப் போயிருந்தது. புதிதாக வந்த இடத்தில் விளக்கு, தீயணைப்புக் குழாய், முப்பது அடிக்கு ஒரு தூண் என எல்லாம் வரிசைப்படி இருந்தன. சிமென்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சதுர அடி என்ன வாடகை என்றுதான் கேட்டார்கள்.

அந்த வருடம் நகரத்தில் ஏற்கெனவே இடம் மிகுந்திருந்தது. பில்டர்கள் முந்தைய வருடங்களின் பசியை நம்பிக் கட்டிக்கொண்டே போனார்கள். நிறுவனங்களோ ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிப் பழகியிருந்தன. நூறு சதுர அடியில் இருபத்து நாலு காலி. காலியானது வளர்ந்ததால் அது இருபத்தெட்டு ஆனது. இடம் கூடியதால் வாடகை இறங்கியது. இன்னும் இறங்கட்டும் என்று நிறுவனங்கள் காத்திருந்தன. காத்திருந்த நாட்களில் காலி மாடிகள் மேலும் வளர்ந்தன. சங்கராந்திக்கு அறுபத்தெட்டு ரூபாயாக இருந்தது ஆடியில் போனாலு திருவிழாவுக்கு ஐம்பத்தொன்று, நவராத்திரியில் பதுக்கம்மாவுக்கு நாற்பது. அதன் பிறகு தரகர்கள் வாடகையைத் தங்கள் வயதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள், குறைத்தும் மெதுவாகவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சந்தை அறிக்கைகள் இதை முதலில் அளவுப் பிழை என்று எழுதின. இரண்டாம் வருடம், ‘புதிதாகக் கட்டிய இடம்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘தானாக வந்த இடம்’ என்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டன.

மருந்தும் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது. ஆள் உட்கார்ந்தால் மாடி வளராது. அசோக் நகர் அறைகளில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர் என்று தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை மாடி உரிமையாளர்கள் வேனில் அழைத்து வந்தார்கள். ஏசி, வெளிச்சம், கழிவறை, மதியம் சாம்பார் சாதம். பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு வந்து இந்திய அரசியலமைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேர்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால் ஆளுக்குப் பஞ்சம் வரவில்லை. நகரத்தின் மாடிகள் ஒவ்வொன்றாக வளர்வதை நிறுத்தின.

கொண்டராயி டவர்ஸின் நான்காவது மாடி மட்டும் நிற்கவில்லை.

அந்த மாடி யாதகிரியுடையது. கட்டடம் எழுவதற்கு முன் அங்கே ஒரு பாறையும், பாறையைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கரும் இருந்தன. அந்த நிலத்தை ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் பில்டருக்கு ‘டெவலப்மெண்ட்’டுக்குக் கொடுத்தார். நிலம் ஒருவர் தர, மற்றவர் கட்ட, ஆளுக்குச் சில மாடி என்று பிரித்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். யாதகிரிக்கு வந்தது பதினெட்டாயிரம் சதுர அடி, ஒரே மாடி, கட்டடத்தில் அவர் பங்கு அவ்வளவுதான். கீழே முகப்புக் கூடத்தில் பித்தளைப் பலகையில் ‘நான்காவது மாடி, உரிமையாளர் கே. யாதகிரி’ என்று எழுதியிருந்தார்கள். பலகை மாட்டிய அன்று அவர் மனைவி அனசூயா அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வீட்டுக்கு வந்து பருப்பைத் தாளித்தார். அதற்குப் பிறகு கணவரிடம் பேசவில்லை. ஏன் என்று உறவுக்காரர்கள் கேட்டபோது அனசூயா, “அவரையே கேளுங்க” என்றார். யாதகிரியைக் கேட்டால், “அவளுக்கு ரத்தக் கொதிப்பு” என்றார். ரத்தக் கொதிப்புக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக் குழம்பியவர்கள் அப்படியே பழகிவிட்டார்கள்.

மாடியில் ஏழு வருடம் இருந்த காப்பீட்டு நிறுவனம் ஒரு வெள்ளிக்கிழமை பூந்தொட்டிகளைக்கூட எடுத்துக்கொண்டு போனது. கணக்குத் தெரிந்தவரான யாதகிரி மூன்று நாள் ஆவதற்குள் தானே போய் வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூலிக்கு ஆள் வைக்க அவரிடம் வழியில்லை. மறுநாள் அனசூயாவும் வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைக் கடந்து போய், கிழக்கு ஜன்னலோரம் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புளிச்சக் கீரை ஆய்ந்தார். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மாடி வளர நியாயம் இல்லை. அது வளர்ந்தது. அனசூயாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் நகர, வெளிச்சத்துக்காக அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஒரு மாதத்தில் யாதகிரியால் தன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, புடவையின் நிறம் மட்டும் தெரிந்தது. இரண்டாம் மாதம் அதுவும் தெரியவில்லை.

ஆனால் கீழே தெருவில் தேநீர்க் கடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அனசூயா நாற்பதடி உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், தெளிவாகத் தெரிந்தார். மூக்குத்திகூட மின்னியது. அந்தக் கண்ணாடி திறக்கிற வகை அல்ல. கூப்பிட்டால் கேட்காது.

கடை சத்தையாவுடையது. சத்தையா மாமனார் வீட்டோடு இருந்தவர். மகளுக்கு மஞ்சள் குங்குமத்துக்கென்று பெற்றவர்கள் வாய்வார்த்தையாகக் கொடுக்கிற நிலம்தான் அவர் மனைவிக்கும் வந்திருந்தது. அதற்கெல்லாம் பத்திரம் எழுதுவதில்லை. வருவாய்த்துறை ஆட்கள் வந்து கேட்கும்போது வீட்டில் ஆம்பிளை பெயர் என்னவோ அதை எழுதிக்கொண்டு போவார்கள். சத்தையா மட்டும் அது மனைவியின் நிலம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதனால் அவரைச் சீண்டுவது கடையில் தினசரி வேலை. அதில் முதல் ஆள் யாதகிரி.

“என்ன சத்தையா, மாமியார் வீட்டுச் சோறு இன்னைக்கு உப்பு சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு அண்ணா. கையேந்திச் சாப்பிடறவனுக்கு உப்பு என்ன, காரம் என்ன. நீங்க ராஜா. ராணி மேல உக்காந்திருக்காங்க பாருங்க, கைய ஆட்டுங்க.”

யாதகிரி கையை ஆட்டினார். மேலே அனசூயா பார்த்தார். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“ரத்தக் கொதிப்பு” என்றார் யாதகிரி.

மாடியை வாடகைக்கு விடும் பொறுப்பு பிரணவி என்ற இளம் தரகரிடம் இருந்தது. வாய் ஓயாத பெண். கையில் அளவு காட்டும் லேசர் கருவி வைத்திருந்தார். சுவர் நூறு மீட்டரைத் தாண்டியதும் கருவி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் சக்கரம் வைத்த அளவுகோல் ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினார். வாஸ்து பார்ப்பவர் வந்து ஈசானிய மூலையில் தண்ணீர் வை என்றார். வைத்தார்கள். அடுத்த முறை வந்தவரால் ஈசானிய மூலைக்கு நடந்தே போக முடியவில்லை, சைக்கிள் கேட்டார். நாற்பது தேர்வுப் பிள்ளைகளை வேறு கட்டடத்திலிருந்து கடன் வாங்கி உட்கார வைத்தார்கள். அவர்கள் கழிவறைக்குப் போய்வர அரை மணி ஆகிறது, வரலாறு மறந்துபோகிறது என்று புகார் சொன்னார்கள். சுவர் போய்க்கொண்டேதான் இருந்தது.

இதில் கஷ்டம் இதுதான். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய், இருக்கிற அளவுக்கு. மாடி வளர வளர அதுவும் வளர்ந்தது. ஐந்தாம் மாதம் அது பழைய மாத வாடகையைப் போல ஐந்து மடங்காக நின்றது. யாதகிரி காரை விற்றார், பிறகு கோகாபேட்டையில் இருந்த சின்ன மனையை விற்றார். அடுத்த மாதமும் கட்டாவிட்டால் மின்சாரத்தை வெட்டி மாடியை எடுத்துக்கொள்வோம் என்று கட்டடச் சங்கம் சொல்லிவிட்டது. நின்ற அளவில் ஒரு மாடி என்றால் வாடகைக்கு எடுக்க ஆள் இருந்தது. வளர்கிற மாடியை யார் எடுப்பார்கள், எந்த அளவுக்கு ஒப்பந்தம் எழுதுவார்கள்?

அனசூயா இதற்குள் இரவில் வீடு திரும்புவதை நிறுத்தியிருந்தார். நடை அதிகம் என்றார். பிரணவிதான் மதியம் சைக்கிளில் சோள ரொட்டியும் கூட்டும் கொண்டு போவார்.

“வந்துட்டியா பிள்ளே. இன்னைக்கு எவ்வளவு?”

“ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆன்ட்டி. என் முட்டி போச்சு. கல்யாணச் சந்தையில என் ரேட்டும் சதுர அடி ரேட் மாதிரி இறங்கப் போகுது.”

“இறங்கட்டும். நல்லவன் வர்ற வரைக்கும் காலியாவே இரு.”

“ஆன்ட்டி, அந்தப் பக்கம் வந்து அங்கிள் கிட்ட உக்காரலாமே. சுவர் போனா போகட்டும்.”

“அவரு ஓனரு. ஓனர் பக்கத்துல நான் எப்படி உக்கார்றது? நீயே சொல்லு.”

பிரணவிக்கு இது கிண்டலா கோபமா என்று புரியவில்லை. ரொட்டியைப் பிட்டு அனசூயா அவருக்கும் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே சத்தையாவின் கடையும் அதில் நின்ற யாதகிரியின் வழுக்கையும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன.

“தலைக்கு எண்ணெய் வைக்கறதே இல்ல” என்றார் அனசூயா. பிறகு ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா நீ வராத பிள்ளே. சாயங்காலத்துக்குள்ள திரும்ப முடியாது. எனக்கு வேணும்னா நானே பாத்துக்கறேன்.”

அன்று திரும்பி வரும் வழியில்தான் பிரணவிக்கு ஒன்று தோன்றியது. சைக்கிளை நிறுத்தி, செல்போனில் குறித்து வைத்திருந்த அளவுகளைப் பார்த்தார். சுவர் தினமும் போகவில்லை. மாடியைப் பார்க்க யாராவது வந்த நாட்களில் மட்டும்தான் போயிருந்தது. வந்தவர் பெரிய மனிதராக இருந்தால் அதிக தூரம். யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அரை ஜாண்கூட இல்லை.

“அங்கிள், கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. வர்றவங்க கிட்ட நீங்க என்ன சொல்றீங்க?”

“என்னத்தச் சொல்றது? குட் மார்னிங் சொல்றேன். பார்க்கிங் எத்தனைன்னு சொல்றேன். இது என் நிலம், பாறையா கிடந்துச்சு, நான்தான் டெவலப்மெண்ட்டுக்குக் குடுத்தேன்னு சொல்றேன்.”

“அதுல ஏதாவது பொய் இருக்கா?”

யாதகிரியின் முகம் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போனது.

“பார்க்கிங்” என்றார். “பதினெட்டுன்னு சொல்றேன். பதினாறுதான்.”

அடுத்து வந்தவரிடம் யாதகிரி பதினாறு என்று சரியாகச் சொன்னார். இது என் நிலம் என்பதையும் வழக்கம்போலச் சொன்னார். சுவர் நூற்று எழுபது மீட்டர் போனது. ஒன்றும் புரியாமல் பிரணவி அதற்குப் பிறகு யாரையும் அழைத்து வரவில்லை. யாதகிரியையும் யாரிடமும் பேச வேண்டாம் என்றார். யாதகிரி கேட்டுக்கொண்டார். ஆனால் மூன்று இரவு அவர் தூங்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டார் விளக்கு வெளிச்சத்தில் கண்டார்கள். சத்தையாவின் கடையில் சீண்டுவதையும் நிறுத்திவிட்டார். சத்தையாதான் ஒருநாள், “அண்ணா, உடம்பு சரியில்லையா? என்னைத் திட்டவே இல்லையே” என்று கேட்டார்.

இந்த நேரத்தில்தான் விட்டல் போனில் வந்தார். புனேயிலிருந்து வந்த ஒரு நிறுவனத்துக்கு அவர் இடம் பார்ப்பவர். நாலாயிரம் பேரை ஒரே தளத்தில் உட்கார வைக்க அவர்களுக்கு ஆசை. படி ஏறி இறங்குவதில் வேலை நேரம் போகிறதாம். வளர்ந்த மாடி என்பது அவரை உறுத்தவில்லை, நகரத்தில் எல்லோரும் வளர்ந்த மாடியில்தான் இருந்தார்கள். பத்து நாள் தொடர்ந்து அளவு மாறாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பிரணவி ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓட்டி அளந்து அனுப்பினார். ஒன்பது நாள் ஆயிரத்து முந்நூற்று எழுபது மீட்டர். பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. அன்று விட்டல் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

நான்காவது மாடி இன்றும் அதே ஆயிரத்து முந்நூற்று எழுபது மீட்டர்தான். ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்தை அறிக்கையில் அது நிலையான இடம் என்ற பத்தியில் வருகிறது. அங்கே வேலைக்குச் சேர்பவர்களுக்கு அடையாள அட்டையோடு சைக்கிள் சாவியும் தருகிறார்கள். நடுவில், அறுநூறாவது மீட்டரில், தேநீர் ஆறிவிடுகிறது என்பதற்காகச் சத்தையா இரண்டாவது கடை போட்டிருக்கிறார். இதில் வியப்பதற்கு ஒன்றும் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அது எப்படி நின்றது என்பதைச் சொல்ல அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் போக வேண்டும்.

விட்டல் பதினொரு மணிக்கு வந்தார். சத்தையா பிள்ளைகளுக்குத் தேநீர் கொண்டு வந்திருந்தார், கெண்டியோடு ஓரமாக நின்றார். பிரணவி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டல் தூண்களைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், கிழக்கே கண்ணுக்கு எட்டும் வரை பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். பிறகு எந்த மாடிக்குப் போனாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“சார், உங்களத் தவிர இதுல வேற யாருக்காவது உரிமை இருக்கா?”

எல்லோரும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற இடம் அது. ஒன்பது வருடங்களுக்கு முன் பில்டரும் இதைத்தான் கேட்டார், யாதகிரியும் அப்படித்தான் சொன்னார். இப்போதும் அவர் வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்துவிட்டது. அப்போது வெகுதூரத்தில் கூரை விளக்குகள் ஒரு வரிசை சிமிட்டியது. சுவர் கிளம்புவதற்கு முன் எப்போதும் அப்படித்தான் சிமிட்டும். பிரணவி கண்ணை மூடிக்கொண்டார்.

யாதகிரி வாயை மூடினார். விட்டலைப் பார்த்தார். உண்மை சொன்னால் இந்த ஆள் வக்கீலைக் கூப்பிடுவார், ஒப்பந்தம் போகும், மாடி போகும். சத்தையாவைப் பார்த்தார். இத்தனை வருடம் அந்த ஆளைச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நாளைக் காலையிலிருந்து கடையில் தனக்குத் திரும்பி வரும். பிறகு கிழக்கே பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது.

“அவளுக்கும் இருக்கு” என்றார், தொண்டைக்குள்ளேயே.

“யாருக்கு சார்?”

“என் வீட்டுக்காரிக்கு. இதுல அவளுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.”

பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கினார்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் போக மூன்று விநாடி ஆகும். இந்தத் தூரத்துக்கு நாலு, திரும்பி வர நாலு. தொண்டைக்குள் சொன்னது அங்கே போய்ச் சேர வழியே இல்லை. ஆனாலும் எட்டாவது விநாடியில் கிழக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்து, தெளிவாக வந்தது. ஏழெட்டு வருடத்தில் மனைவியிடமிருந்து யாதகிரி கேட்ட முதல் வார்த்தை அது.

“கேக்கல.”

சத்தையா கெண்டியைக் கீழே வைத்தார். யாதகிரி இரண்டடி முன்னால் போனார். கைகளை வாய்க்கு இரு பக்கமும் குவித்துக்கொண்டு, தேர்வுப் பிள்ளைகள் நாற்பது பேரும், விட்டலும், பிரணவியும், சத்தையாவும் கேட்கும்படி, ஆயிரத்து முந்நூற்று எழுபது மீட்டருக்கும் கேட்கும்படி கத்தினார்.

“இது என் நிலம் இல்ல. ஒருநாளும் என்னுதா இருந்ததில்ல. இது அனசூயாவோட நிலம். மஞ்சள் குங்குமத்துக்கு அவங்க அப்பா அவளுக்குக் குடுத்தது.”